மரப்பெட்டி புளூடூத் ஸ்பீக்கர்: வீட்டில் செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கையால் செய்த ஒரு மரப்பெட்டி, உள்ளே சார்ஜ் ஏறும் செல், போனிலிருந்து பாட்டை வாங்கும் புளூடூத் மாட்யூல், அதைப் பெருக்கும் சின்ன ஆம்ப் போர்டு, ஒன்றோ இரண்டோ ஸ்பீக்கர். விஷயம் இவ்வளவுதான். ஆனாலும் செய்யக் கிளம்புகிற ஒவ்வொருவரும் அதே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள், அவற்றில் பாதி மரத்தைப் பற்றியவை. சரியாகப் பாடாத பெட்டிகளைத் திறந்து பார்த்தால் மரத்தால் கெட்டது அபூர்வம். காற்றுக் கசிவு, இல்லையென்றால் பேட்டரி. அதனால் இங்கேயும் அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம்.

எனக்குத் தச்சு வேலையும் தெரியாது, எலக்ட்ரானிக்ஸும் தெரியாது. இதை ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம், சின்னதாக. ஒரே ஸ்பீக்கர், ஒரே செல், பிளைவுட் பெட்டி என்று முதல் முயற்சியை வைத்துக்கொள்ளுங்கள். நேராக அறுக்கவும், சாலிடர் வைக்கவும், மல்டிமீட்டரில் வோல்ட் பார்க்கவும் தெரிந்தால் போதும். இந்த மூன்றில் மல்டிமீட்டரை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அறுத்தது கோணலாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும். பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் புகை வந்த பிறகுதான் தெரியும்.

நல்ல தேக்குப் பலகை ஒன்று கிடைத்திருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

பலகையை எடுத்து வைத்துவிட்டு ஸ்பீக்கர் யூனிட்டை, அதாவது கூம்பும் காந்தமும் சேர்ந்த பாகத்தை, தேர்ந்தெடுங்கள். யூனிட் எதுவென்று முடிவான பிறகுதான் பெட்டிக்குள் எத்தனை லிட்டர் காற்று வேண்டும் என்று தெரியும். அது தெரிந்தால்தான் பலகையை எந்த அளவில் அறுப்பது என்பதும் தெரியும். பலகையின் அளவுக்குப் பெட்டி, பெட்டியின் அளவுக்கு ஸ்பீக்கர் என்று தலைகீழாகப் போனால் பார்க்க அழகாக இருக்கும், கேட்கத் தகர டப்பாவாக இருக்கும்.

வரிசை இதுதான்: ஸ்பீக்கர் யூனிட், பெட்டியின் கொள்ளளவு, ஆம்ப் போர்டு, அதற்கேற்ற பேட்டரி, கடைசியில் மரம்.

தேக்கா, ஈட்டியா, பிளைவுட்டா? எதில் சத்தம் இனிமையாக வரும்?

வீணைக்கும் கிடாருக்கும் மரம்தான் பாடுகிறது. ஸ்பீக்கர் பெட்டியில் மரம் பாடவே கூடாது. காகிதக் கூம்பு மட்டும் அசைய வேண்டும், சுவர்கள் சும்மா நிற்க வேண்டும். இந்தக் கணக்கில் பார்த்தால் 9 முதல் 12 மில்லிமீட்டர் கனமுள்ள நல்ல பிளைவுட், சின்னப் பெட்டிக்கு விலையுயர்ந்த எந்த மரத்துக்கும் குறைந்ததில்லை. மர நாரைப் பசையிட்டு அழுத்திய எம்.டி.எஃப். பலகையும் நன்றாக அடங்கி நிற்கும். ஆனால் விளிம்பில் தண்ணீர் பட்டால் ஊதிவிடும், அறுக்கும்போது தூசியும் அதிகம்.

தேக்கும் ஈட்டியும் கண்ணுக்காக. அப்படிச் சொல்வதால் அவை வேண்டாம் என்று அர்த்தமில்லை, கண்ணுக்காகத்தானே கையால் செய்கிறோம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, மரப்பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்று முன் அந்த இடத்தை அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஈட்டித் தூசி சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும். பொதுவாக எந்த மரத்தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத்தூசியையே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. முகக்கவசம் போடாமல் உப்புத்தாள் தேய்க்காதீர்கள்.

பெட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? ஏதாவது கணக்கு இருக்கிறதா?

இருக்கிறது. தீல், ஸ்மால் என்ற இரண்டு பொறியாளர்களின் பெயரில் வழங்கும் அளவுகள் அவை. தரமான யூனிட்டின் விவரத்தாளில் மூன்று எண்களைத் தேடுங்கள்: எஃப்எஸ், கியூடிஎஸ், விஏஎஸ். முதலாவது, யூனிட் தானாக அதிரும் அலைவரிசை. இரண்டாவது, அந்த அதிர்வு எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது என்பது. மூன்றாவது, கூம்பின் தொங்கலுக்குச் சமமான இழுப்பைத் தரும் காற்றின் அளவு, லிட்டரில்.

முழுக்க மூடிய பெட்டிக்கு, பெட்டியில் பொருத்திய பிறகு யூனிட்டுக்கு வரும் கியூ எண் (கியூடிஎஸ் போன்றதே) 0.7 பக்கம் வந்தால் பேஸ் சமமாக இறங்கும். 0.7-ஐக் கியூடிஎஸ்ஸால் வகுத்து, வந்ததை வர்க்கம் செய்து, அதில் 1-ஐக் கழித்து, அந்த விடையால் விஏஎஸ்ஸை வகுத்தால் பெட்டியின் லிட்டர் கிடைக்கும். கியூடிஎஸ் 0.5, விஏஎஸ் 1 லிட்டர் என்றால் 0.7-ஐ 0.5-ஆல் வகுக்க 1.4, அதன் வர்க்கம் சுமார் 2, ஒன்று கழிக்க 1. ஆக ஒரு லிட்டர் போதும். உள்ளளவு 12, 10, 9 சென்டிமீட்டர் வைத்தால் 1080 கன சென்டிமீட்டர் வருகிறது. கூடுதலாக உள்ள 80-ஐ ஸ்பீக்கரின் காந்தமும் உள்ளே வைக்கும் கட்டையும் தின்றுவிடும்.

மூடிய பெட்டியில் எஃப்எஸ்ஸும் அதே 1.4 மடங்கு ஏறும். மேலே சொன்ன யூனிட்டின் எஃப்எஸ் 110 என்றால் பெட்டிக்குள் அது 155 ஹெர்ட்ஸ் பக்கம் போய்விடும், அதற்குக் கீழுள்ள பேஸ் தேய்ந்துவிடும். கையளவு பெட்டியில் இடி இடிக்கவில்லையே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு இந்த எண்தான் பதில்.

விவரத்தாளே இல்லாத யூனிட் என்றால்? அட்டைப்பெட்டியில் வெட்டிப் பொருத்தி, உள்ளே கட்டைகளைப் போட்டும் எடுத்தும் கொள்ளளவை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். துல்லியம் கிடைக்காது, ஆனால் மரத்தை வீணாக்காமல் ஒரு முடிவுக்கு வரலாம்.

பின்னால் ஓட்டை போட்டால் பேஸ் அதிகமாக வருமாமே?

சரியான நீளமும் விட்டமும் உள்ள குழாய் வைத்தால் வரும். வெறும் ஓட்டை போட்டால் இருப்பதும் போகும். குழாயும் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் அதிர வேண்டும், அதற்குத்தான் குழாய்க்கு நீளம். சின்னப் பெட்டிக்குக் கணக்குப் போட்டால் பெட்டியைவிடக் குழாய் நீளமாக வரும், விட்டத்தைக் குறைத்தால் காற்று புஸ்ஸென்று சீறும்.

அதனால்தான் கைக்கு அடக்கமான ஸ்பீக்கர்களில் குழாய்க்குப் பதிலாக பேசிவ் ரேடியேட்டர் வைக்கிறார்கள். கம்பிச்சுருளும் காந்தமும் இல்லாத, எடை மட்டும் ஏற்றிய கூம்பு அது. முதல் பெட்டிக்கு இரண்டும் வேண்டாம், மூடிய பெட்டியே மன்னிக்கிற குணம் உள்ளது.

100 வாட் ஆம்ப் போர்டு வாங்கிவிட்டேன். 2 செல்லில் ஓடுமா?

பெரும்பாலும் ஓடும், ஆனால் 100 வாட் வராது. போர்டில் அச்சிட்ட வாட், அது தாங்கும் அதிகபட்ச வோல்ட்டில் கிடைப்பது. உங்கள் வோல்ட்டில் என்ன கிடைக்கும் என்பதைக் கண்டுபிடிப்பது சுலபம்: வோல்ட்டை அதாலேயே பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரண்டு மடங்கால் வகுங்கள். இரண்டு செல்லைத் தொடராக இணைத்தால் 7.4 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 54.8-ஐ 8-ஆல் வகுக்க ஒரு பக்கத்துக்கு 7 வாட்டுக்கும் குறைவு. 24 வோல்ட்டில் இதே கணக்கு 72 வாட் காட்டும்.

ஒரு அறைக்கு 3 வாட் தாராளம். பிஏஎம்8403 சிப் உள்ள குட்டி போர்டு 5 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கரில் பக்கத்துக்கு 3 வாட் என்பது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிற நேர்மையான எண். 5.5 வோல்ட்டைத் தாண்டினால் அது செத்துவிடலாம் என்பதை மறக்காதீர்கள். இன்னொன்று, இந்த போர்டுகளில் இடது வலது ஸ்பீக்கர்களின் மைனஸ் கம்பிகளை ஒன்றாக முறுக்கக் கூடாது, கிரவுண்டிலும் (பேட்டரி மைனஸோடு சேர்ந்த பொதுக் கம்பி) சேர்க்கக் கூடாது. நான்கு கம்பியும் தனித்தனி.

9900 என்று போட்ட 18650 செல் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். 18650 என்பது அளவு: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த உருளைக்குள் நல்ல கம்பெனிகள் பொதுவாக அடைப்பது 2500 முதல் 3500 மில்லி ஆம்பியர் மணி வரைதான். 9900 என்று அச்சடித்தவர் மற்றதிலும் உண்மை சொல்லியிருக்க மாட்டார். தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல செல் சுமார் 45 கிராம் இருக்கும், போலிகள் பல அதைவிட லேசாக இருக்கும்.

பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்கள் இருக்கின்றன. அவை ஆகுமா?

தேறியவை ஆகும். 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக் கிடக்கும் செல்லைத் திரும்ப உயிர்ப்பிக்கப் பார்க்காதீர்கள், நேராக மின்கழிவுக்கு அனுப்புங்கள். மற்றவற்றை 4.2 வோல்ட் வரை ஏற்றி, தொட்டுப் பாருங்கள். சார்ஜில் சூடாகிறது என்றால் ஒதுக்குங்கள். ஏற்றிய செல்லைச் சில வாரம் சும்மா வைத்து மறுபடி அளந்தால், தானாக வடிகிற செல் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கவனியுங்கள். செல்லின் உடல் முழுவதும் மைனஸ், பிளஸ் மொட்டைச் சுற்றியுள்ள விளிம்பு வரை. மொட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய வளையம்தான். அந்த இடத்தில் உறை கிழிந்து, மேலே ஒரு உலோகத் தகடு பட்டால் ஷார்ட். கிழிந்த உறையை உரித்துவிட்டுப் புது வளையமும் புது உறையும் போடுங்கள், இன்சுலேஷன் டேப் ஒட்டிச் சமாளிக்காதீர்கள். இரண்டு செல்களை இணையாகச் சேர்ப்பதாக இருந்தால் முதலில் இரண்டையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். 4.1-ல் இருப்பதை 3.3-ல் இருப்பதோடு சேர்த்தால் ஒன்று மற்றதற்குள் வேகமாகக் கொட்டும்.

செல்லின் மேலேயே சாலிடர் வைத்துவிடலாமா?

கூடாது. சாலிடர் பிடிக்க வேண்டிய சூட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் அடைப்பும் தடுப்புத் தாளும் கெடும். வெளியில் ஒன்றும் தெரியாது, கெட்டது பிறகுதான் தெரியவரும். ஸ்பாட் வெல்டர் (செல்லில் தகட்டை நொடியில் பற்றவைக்கும் கருவி) இல்லாதவர்கள் செல் ஹோல்டர் வாங்குங்கள். மாற்றவும் வசதி.

எந்த சார்ஜ் போர்டு போடுவது? சார்ஜில் இருக்கும்போதே பாட்டுக் கேட்கலாமா?

ஒரு செல் அல்லது இணையாக உள்ள செல்களுக்கு டிபி4056 போர்டு போதும். அதிலும் வெளியே போகும் இரண்டு முனைகள் தனியாக உள்ள, பாதுகாப்புச் சிப் சேர்ந்த வகையை எடுங்கள். செல் ஒரேயடியாக வடிந்துபோகாமலும் ஷார்ட்டில் எரியாமலும் அது தடுக்கும். சார்ஜ் ஏறும்போது அந்த போர்டு நன்றாகச் சூடாகும், மரத்தில் நேராக ஒட்டாமல் சின்னக் காலில் நிறுத்துங்கள். தொடராக உள்ள இரண்டு செல்லுக்கு இது ஆகாது. அதற்கு 8.4 வோல்ட்டில் ஏற்றும் போர்டும், செல்களைச் சமப்படுத்தும் பி.எம்.எஸ்ஸும் வேண்டும்.

பாட்டு விஷயத்துக்கு வருவோம். 4056 சிப், செல்லுக்குப் போகும் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தவுடன் சார்ஜ் முடிந்தது என்று நிறுத்தும். அந்த நேரத்தில் ஆம்ப் ஓடினால், ஆம்ப் இழுப்பதையும் செல் இழுப்பதாக அது நினைத்துக்கொள்ளும். சார்ஜ் முடியவே முடியாது, செல் 4.2 வோல்ட்டிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். எப்போதாவது என்றால் பரவாயில்லை. எப்போதும் செருகியே வைத்துக் கேட்கிறவர் என்றால், சார்ஜரிலிருந்து ஆம்புக்குத் தனி வழி விடும் போர்டை வாங்குங்கள். கடையில் கேட்கும்போது பவர் பாத் உள்ளதா என்று கேளுங்கள்.

டைப்-சி போர்டு போட்டேன். பழைய சார்ஜரில் ஏறுகிறது, புது சார்ஜரில் ஏறவே இல்லை. போர்டு போச்சா?

போகவில்லை. இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள கேபிளில், எதிர்ப்பக்கம் ஒரு சாதனம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் சார்ஜர் 5 வோல்ட்டைத் திறக்கும். அதைத் தெரிவிப்பவை 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு. மலிவான சில போர்டுகளில் அவற்றை வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். பழைய அகல முனையுள்ள கேபிள் இதையெல்லாம் கேட்காது, அதனால் ஏறுகிறது. பெட்டியை மூடுவதற்கு முன்பே இரண்டு வகைக் கேபிளிலும் சோதித்துவிடுங்கள்.

மரப்பெட்டிக்குள் லித்தியம் பேட்டரி. தீப்பிடித்தால்?

நியாயமான பயம். மேலே சொன்ன செல் தேர்வும் பாதுகாப்பு போர்டும்தான் முதல் வேலி. அதற்கு மேல் பெட்டி அமைப்பில் செய்ய வேண்டியவை உண்டு. செல்லைத் தனி அறையில் வையுங்கள். ஸ்பீக்கரின் அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும், செல்லின் அறையிலோ வெளியே காற்றுப் போக வழி இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று நேரெதிரான தேவை, ஒரே அறையில் நடக்காது. தடுப்புப் பலகையில் கம்பி போகும் துளையைச் சிலிகான் வைத்து அடையுங்கள்.

செல்லின் பிளஸ் கம்பியில், ஹோல்டரை ஒட்டியே ஒரு ஃபியூஸ். 3 வாட் போர்டுக்கு 3 ஆம்பியர் போதும். செல்லைச் சூட்டுப்பசையில் புதைக்காதீர்கள். மூடியைத் திருகு போட்டு மூடுங்கள், ஒட்டவே ஒட்டாதீர்கள். ஒட்டிவிட்டால், மூன்று நான்கு வருடத்தில் செல் தளரும்போது உளியால் பிளக்க வேண்டியிருக்கும். உளி முனைக்குப் பக்கத்தில் லித்தியம் செல் இருப்பது யாருக்கும் நல்லதில்லை.

ஒரு சார்ஜுக்கு எத்தனை மணி நேரம் பாடும்?

3000 மில்லி ஆம்பியர் மணி செல் இரண்டு என்றால், 3.6 வோல்ட்டால் பெருக்க மொத்தம் 21.6 வாட் மணி. செல்லின் வோல்ட்டை ஆம்புக்கு வேண்டிய 5-க்கு ஏற்றும் போர்டும் ஆம்பும் தின்பது போக 17 என்று வையுங்கள். அளவான சத்தத்தில் பாட்டு சராசரியாக ஒன்றரை வாட் இழுத்தால் 11 மணி நேரம். முழுச் சத்தத்தில் 5 வாட் இழுத்தால் மூன்றரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

பாட்டு நின்றவுடன் கீ...ங் என்று ஒரு சத்தம் கேட்கிறது. எர்த் பிரச்சினையா?

கிட்டத்தட்ட. புளூடூத் மாட்யூலும் ஆம்பும் ஒரே மின்சாரத்தைப் பகிரும்போது, மாட்யூலின் துடிப்பு கிரவுண்ட் கம்பி வழியாக ஆம்புக்குள் நுழைகிறது. ஆம்பின் கிரவுண்டையும் மாட்யூலின் கிரவுண்டையும் தனித்தனிக் கம்பியாகப் பேட்டரி முனை வரை கொண்டுபோய் அங்கே சேர்த்துப் பாருங்கள். பல நேரம் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் மாட்யூலுக்கு மட்டும் 5 வோல்ட்டில் வாங்கி 5 வோல்ட்டே தரும், உள்ளும் புறமும் கம்பித் தொடர்பில்லாத சின்ன கன்வெர்ட்டர் ஒன்றைப் போடுங்கள். பி0505எஸ் என்று கேட்டால் கிடைக்கும்.

மாட்யூலின் ஓரத்தில் பாம்பு போல் வளைந்த செம்புக் கோடு ஆன்டெனா. மரம் அதை மறைக்காது, காந்தமும் செல்லும் மறைக்கும். அவற்றிலிருந்து தள்ளி, பலகைச் சுவரைப் பார்த்து வையுங்கள்.

இரண்டு ஸ்பீக்கர் போட்டும் பேஸ் சுத்தமாக இல்லை. யூனிட் மட்டமா?

யூனிட்டைத் திட்டுவதற்கு முன் இரண்டு சோதனை. ஒரு சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியை ஒவ்வொரு ஸ்பீக்கரின் முனையிலும் ஒரு நொடி தொடுங்கள், ஆம்ப் கம்பியைக் கழற்றிவிட்டு. பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் கூம்பு வெளியே நகரும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போகிறபடி இணைத்திருந்தால், ஒன்று தள்ளுகிற காற்றை மற்றது இழுத்துவிடும், பேஸ் காணாமல் போகும்.

அடுத்தது கசிவு. கூம்பை விரல்களால் மெல்ல உள்ளே அமுக்கி விடுங்கள். சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ காற்று போகிறது, சோம்பலாக வந்தால் பெட்டி இறுக்கம். பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டுவிட்டு, நனைத்த விரலை மூட்டுகள், சுவிட்ச், சார்ஜ் துளை, ஸ்பீக்கர் விளிம்பு என்று நகர்த்துங்கள். கசியும் இடத்தில் சில்லென்று படும். ஸ்பீக்கருக்கும் பலகைக்கும் நடுவே நுரைப் பட்டை வைக்காததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

மூலையில் விரிசல் விடுகிறது. பசை சரியில்லையா?

மரம் ரேகைக்கு (நார் ஓடும் திசைக்கு) குறுக்கே ஈரத்துக்கு ஏற்பச் சுருங்கும், விரியும். ரேகையின் போக்கில் அநேகமாக அசையாது. 10 சென்டிமீட்டர் அகலப் பலகை பருவம் மாறும்போது 1 மில்லிமீட்டர் வரை மாறலாம். ஒன்றின் அகலத்தை இன்னொன்றின் நீளத்தோடு ஒட்டினால் ஏதோ ஒன்று பிளந்தே தீரும்.

நான்கு சுவர்களிலும் ரேகை பெட்டியைச் சுற்றி வளையமாக ஓடும்படி அறுங்கள், நான்கும் சேர்ந்தே அசையும். ஸ்பீக்கர் பொருத்தும் முன்பலகையைப் பிளைவுட்டில் செய்து மேலே மெல்லிய மரத்தோல் ஒட்டலாம். நடுத் தடுப்பையும் சுவரின் ரேகைத் திசையிலேயே வையுங்கள். வாங்கிய பலகையைச் செய்யப்போகும் அறையிலேயே சில வாரம் போட்டுவைப்பது மலிவான வைத்தியம்.

கடைசியில் எந்த பாலிஷ்?

120, 180, 240 என்று உப்புத்தாளை ஏற்றுங்கள். நடுவில் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் எழும்பி நிற்கும் நாரை மறுபடி தேயுங்கள். கையில் எடுத்துப் பழகும் பெட்டிக்கு ஆளி விதை எண்ணெய்யும் மேலே தேன்மெழுகும் எனக்குப் பிடித்தது. கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்து மீண்டும் பூசலாம். ஈரம் படும் இடத்தில் வைப்பதானால் பாலியூரித்தேன். ஸ்பீக்கர், சுவிட்ச் எல்லாம் பொருத்துவதற்கு முன்பே பூசி முடியுங்கள், கூம்பில் எண்ணெய் பட்டால் போகாது.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூட்டை விடும், சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றும். வெளியே ஒற்றையாக விரித்து, விறைப்பாகும் வரை காயவிட்டுப் பிறகு எறியுங்கள். பேட்டரியைப் பற்றி அவ்வளவு பயப்படுகிறவர்கள் இந்தத் துணியைப் பற்றிக் கேட்பதே இல்லை.

விமானத்தில் கொண்டுபோக விடுவார்களா?

பேட்டரி 100 வாட் மணிக்குள் இருந்தால் கைப்பையில் கொண்டுபோகலாம் என்பதுதான் விமானப் பயணத்தின் பொது விதி. இரண்டு செல் பெட்டி, மேலே பார்த்தபடி, 22 வாட் மணிதான். ஆனால் கம்பியும் செல்லும் தெரியும் கையால் செய்த பெட்டியைச் சோதனைக்காரர் நிறுத்திக் கேட்பார். நாலு திருகைக் கழற்றினால் உள்ளே பார்க்கலாம் என்கிற நிலையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். பூட்டி அனுப்பும் பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். செல்லைக் கழற்றிக் கொண்டுபோவதானால் ஒவ்வொன்றையும் தனிப் பிளாஸ்டிக் கூட்டில் போட்டுக் கைப்பையிலேயே வையுங்கள்.